ரேடியோவின் நாக்குப் புண்

தையல்காரருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் ரேடியோ. அளவெடுக்கும்போதும் பேசுவார், பொத்தான் தைக்கும்போதும் பேசுவார். அப்பேர்ப்பட்டவரின் நாக்கு ஓரத்தில் ஒரு புண் வந்து உட்கார்ந்துகொண்டது.

"உடம்புச் சூடு, ரெண்டு நாள்ல போயிடும்" என்று அவரே வைத்தியரானார். தேன் தடவினார், உப்புத்தண்ணீரில் கொப்பளித்தார், சத்து மாத்திரை விழுங்கினார். மூன்று வாரமாகியும் புண் இடத்தைக் காலி செய்யவில்லை. கடையின் ஆளுயரக் கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, செல்போனில் தேடினார். புற்றுநோய் என்று ஒரு வரி கண்ணில் பட்டது. அடுத்த வரியைப் படிக்கத் தைரியமில்லாமல், தான் போய்ச் சேரப்போவதாகத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

போகிற காலத்தில் நல்லவனாகவாவது இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். விழுங்க முடியாத சாப்பாட்டைப் "பிரமாதம்" என்றார். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன தப்புப் பண்ணிட்டு வந்து உட்கார்ந்திருக்கீங்க?"

நாக்கை நீட்டிக் காட்டினார். அவள் கையோடு அவரைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா துணியால் நாக்கைப் பிடித்து இழுத்து, புண்ணின் ஓரத்தை விரலால் அழுத்தினார். தாடைக்குக் கீழே கட்டி ஏதும் இருக்கிறதா என்று தடவினார்.

"வலிக்குதா?"

"உயிரே போகுது."

"வலிக்காம, கல்லு மாதிரி இருந்தா நான் இன்னும் பயந்திருப்பேன். அடிக்கடி வந்து வந்து போகுமா?"

"இல்லீங்க. இது ஒண்ணுதான். அதே இடத்துல."

"வந்து வந்து போனா சத்துக்குறைவா, கவலையான்னு பார்ப்போம். ஒரே இடத்துல நின்னா, அங்க என்ன உரசுதுன்னு பார்க்கணும்." விரல் கடைவாய்ப் பல்லில் நின்றது. "ஓரம் உடைஞ்சு கத்தி மாதிரி இருக்கே. எதைக் கடிப்பீங்க?"

ரேடியோ கூரையைப் பார்த்தார்.

"நூலு, டாக்டர்" என்றாள் மனைவி. "கத்தரிக்கோல் பக்கத்துலயே கிடக்கும். முன்பல்லுல பள்ளம் விழுந்துடுச்சுன்னு இப்போ கடைவாய்க்கு மாறியிருக்காரு."

கத்தரிக்கோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தன் நாக்கையே அறுத்துக்கொண்ட புத்திசாலி தான் ஒருவன்தான் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரம்மா பல்லின் கூரான ஓரத்தை ராவி மழுக்கிவிட்டுச் சொன்னதைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"ரெண்டு வாரத்துல ஆறணும். ஆறலைன்னா கொஞ்சம் வெட்டியெடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். எப்படியும் வந்து காட்டுங்க."

அன்றிலிருந்து மனைவி தினமும் கடைக்கு வந்து, "நாக்கை நீட்டுங்க" என்பாள். பார்த்துவிட்டுப் போய்விடுவாள். புண் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கமாட்டார். கேட்கவும் பயம், கண்ணாடியில் பார்க்கவும் பயம்.

கெடு முடிகிற சமயத்தில் ஒரு மத்தியானம், அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"ஆறிடுச்சு. நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டிடுவோம்" என்றவள், துணி வெட்டும் மேசையில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள்.

அவளும் பயந்துகொண்டிருப்பாள் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தன் சாவை நினைத்து உருகவே நேரம் சரியாக இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. கையிலிருந்த சட்டைக்குப் பொத்தானைத் தைத்து முடித்து, நூலைக் கடைவாய்க்குக் கொண்டுபோனார்.

அவள் அழுகையை நிறுத்தாமலே அவர் கையைத் தட்டிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினாள்.