திறந்து பார்த்த மெயில் வரவே இல்லையாம்

இன்று காலை சென்னையிலிருந்து போன். பூச்சிமருந்து கம்பெனி மேனேஜர். அவர்களுடைய நோட்டீசுகளை உத்திரமேரூரில் வீட்டிலிருந்தபடி தமிழில் மொழிபெயர்த்துத் தருவது நான்தான்.

"ஒரு டேங்குக்கு நூறு மில்லின்னு அச்சாயிடுச்சு. பத்துதான் வரணும். நீங்க தப்பா போட்டுட்டீங்க மேடம்."

தப்பு அவர்கள் அனுப்பிய ஆங்கிலத்திலேயே இருந்தது. நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோதே அதை முதலில் கண்டுபிடித்தவர், நெல் பயிரிடும் என் வீட்டுக்காரர்.

"இன்னா இது? இவ்ளோ ஊத்தினா அடிக்கிற ஆளே சுருண்டு வுயுந்துடுவான்" என்றார்.

அன்றைக்கே அதை எழுதி மேனேஜருக்கு மெயில் போட்டேன்.

"அப்படி எந்த மெயிலும் வரலையே" என்றார் இன்று.

வாடிக்கையாளருக்கு எது அனுப்பினாலும் ரீட் ரெசிப்ட் கேட்டுவைப்பது என் வழக்கம். அவர் மெயிலைத் திறந்ததும் எனக்கு வந்த தகவல், தேதி நேரத்தோடு பத்திரமாக இருந்தது. அதை அப்படியே அவருக்கும் அவருடைய டைரக்டருக்கும் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜரிடமிருந்து மறுபடி போன்.

"இது வேவு பாக்குற மாதிரி இருக்கு. இனிமே இப்படிப் பண்ணாதீங்க."

"பண்ணுவேன் சார். பிடிக்கலன்னா வேற ஆளப் பாத்துக்குங்க. அந்த நோட்டீசு மட்டும் கடைக்குப் போகக் கூடாது."

மாலையில் டைரக்டரே எழுதினார். நோட்டீசுக் கட்டுகளைக் கடைக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டார்கள், திருத்தி அச்சடிக்கிறார்கள்.

மெயிலைப் படித்துவிட்டு வரவில்லை என்று சொல்பவர்கள் இங்கே யாராவது இருந்தால், ஏன் என்று கீழே எழுதுங்கள். திட்ட மாட்டேன்.