தொன்னைப் பொங்கலும் வெறும் வயிறும்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்கழிக் காலை. எனக்கு ஏழாம் மாதம். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்ததால், அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். கொழுப்பு அமிலங்களின் அளவையும் பார்ப்பார்களாம்; அம்மாவின் ரத்தத்திலிருந்துதான் குழந்தைக்கும் கொழுப்பில் பங்கு போகிறதாம். சர்க்கரை கூடியிருந்தால் இன்சுலின் ஊசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி என்றாலே எனக்குப் பயம்.

மயிலாப்பூரில் எங்கள் மாடவீதியில் விடிந்தும் விடியாத நேரம். பனியில் கோலங்கள் மிதப்பது போலிருந்தது. பசி மயக்கத்தில் நானும் மிதந்துகொண்டுதான் நடந்தேன். கோயில் வாசலில் யாரோ கையில் ஒரு தொன்னையை வைத்தார்கள். நெய் வழியும் சூடான வெண்பொங்கல். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டேன். உள்ளே குழந்தை மெல்லப் புரண்டது. அப்போது உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாப்பிட்டீர்களா என்று நர்ஸ் கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்கிறோம் என்றே தோன்றவில்லை. பிரசாதத்தை யார் சாப்பாட்டில் சேர்த்தார்கள்?

பக்கத்து நாற்காலியில் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பதாகச் சொன்ன ஒரு பெண். அவளுக்கும் பெரிய வயிறு, அதே சர்க்கரை.

"இன்னாக்கா, கையெல்லாம் நெய் வாசன அடிக்குது?"

"கோயில் பிரசாதம்மா. கொஞ்சூண்டுதான்."

"சாமி குடுத்தாலும் ரத்தத்துல நெய்யி நெய்யிதான்க்கா. அளவு தப்பா வந்து ஊசி போட்டாங்கன்னா கொழந்தைக்கும்தான கஷ்டம்? போய் சொல்லிடு. திட்டுனா நான் கூட கீறேன்."

என் மயக்கமெல்லாம் சட்டென்று கலைந்தது. பயமும் வெட்கமுமாக எழுந்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். நர்ஸ் லேசாகக் கடிந்துகொண்டு, மறுநாள் வரச் சொன்னார்.

மறுநாளும் தொன்னை கைக்கு வந்தது. வாழையிலைத் துண்டால் மூடி எடுத்துப்போய், ரத்தம் கொடுத்த பிறகு ஒரே ஒரு வாய் சாப்பிட்டேன். அளவு கட்டுக்குள் இருந்தது, ஊசி தேவைப்படவில்லை. அவளைத் தேடினேன். அன்று அவள் வரவில்லை. பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

என் மகளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. இப்போதும் மார்கழியில் தொன்னையை வாங்கினால், வாய்க்குக் கொண்டுபோகும் முன் என் கை ஒரு நொடி நின்றுவிடுகிறது, உள்ளே யாரோ பங்குக்குக் காத்திருப்பதைப் போல.