தாலி பெருகிய நாள்

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. காட்டுப் பக்கம் கம்யூனிஸ்டுகளின் துப்பாக்கிச் சத்தமும் ஓயவில்லை. மலாக்காவில் காஜா பேராங்கில் இருந்த எங்கள் ரப்பர் கம்பெனி ஆபீசில் அப்போதுதான் டெலிபோன் போர்டு வைத்தார்கள். நான்தான் ஆபரேட்டர். மேசைக்கு மேசை போன் இருந்தாலும், வெளியே பேச இனி என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். வெளியிலிருந்து வருவதும் என் காதில் விழுந்துதான் உள்ளே போகும். தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியே என்னிடம் லைன் கேட்கவேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

போர்டைப் பொருத்தியவர் பக்கத்துக் கிராமத்து மலாக்கா செட்டி அண்ணன். நெற்றி நிறையத் திருநீறு, தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்துவிட்டதால் வாயில் மலாய்தான், தமிழ் வராது. போர்டில் சொருகும் வயருக்கும் வெளியே ஓடும் கம்பிக்கும் அவரிடம் ஒரே சொல், தாலி. மலாயில் அதற்குக் கயிறு என்று அர்த்தம். தாலியைப் பிடுங்கு, தாலியை மாற்று என்று அவர் சொல்லும்போதெல்லாம், புதுசாகக் கல்யாணமான என் கை தானாகக் கழுத்துக்குப் போகும்.

கடைசியாக இணைத்தது குருபோங் எஸ்டேட் லைன். என் கணவர் அங்கேதான் கிராணி. சோதித்துப் பார்க்க அழைத்தேன். கேட்கிறதா என்றார். கேட்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் டமார் என்று ஒரு சத்தம். அப்புறம் காதில் ஒன்றுமே இல்லை.

கொஞ்ச நாளைக்கு முன்புதான் அந்தப் பக்கம் ஒரு லாரியைச் சுட்டிருந்தார்கள். கைப்பிடியைச் சுற்றினேன், வயரை மாற்றிச் சொருகினேன். பதிலில்லை. என்ன ஆச்சு என்று அண்ணன் கேட்டார். கம்பி அறுந்தது என்று சொன்னால் போதும், வேனை எடுத்துக்கொண்டு ஓடுவார். மலாயில் அதற்கு இரண்டே சொல், தாலி புத்துஸ். அந்த இரண்டும் என் வாயில் வரவில்லை. நம் வீடுகளில் தாலிக்கயிறு இற்றுப்போனால்கூட அறுந்தது என்பதில்லை, பெருகியது என்போம். பயத்தில் அதையே மலாயில் சொல்லித் தொலைத்தேன்.

"தாலி தம்பா."

தம்பா என்றால் மலாயில் கூட்டு என்று அர்த்தம். கூடுதலாக வயர் கேட்கிறேன் என்று நினைத்து அண்ணன் நிதானமாகப் பெட்டியைத் திறந்தார். அங்கே என் கணவர் ரத்தம் கொட்டக் கிடக்கிறாரோ என்னவோ, இங்கே இந்த மனிதர் ஒவ்வொரு வயராக நீட்டி, இது போதுமா என்கிறார். கழுத்தில் கிடந்ததை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"தாலி புத்துஸ், அண்ணே. குருபோங்."

அண்ணன் வயர்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. என் வாயாலேயே சொல்லிவிட்டேனே! உள்ளிருந்து யார் யாரோ லைன் கேட்டார்கள். யாருக்கும் கொடுக்கவில்லை.

சாயங்காலம் வேனிலிருந்து என் கணவரே இறங்கி வந்தார். சட்டையெல்லாம் சேறு.

"மரம் சாஞ்சு கம்பி அறுந்துடுச்சு. இதுக்கா இவ்வளவு கலாட்டா?" என்று சிரித்தார்.

ஆபீசே பார்க்கிறது என்பதுகூட மறந்து அவர் சட்டையைப் பிடித்தேன்.

"அப்படிச் சொல்லாதீங்க. பெருகிடுச்சுன்னு சொல்லுங்க."

அவர் சிரிப்பு நின்றது. என் முகத்தைப் பார்த்தார்.

"சரி," என்றார். "கம்பி பெருகிடுச்சு."