கடைசிச் செருகல்

லாரி கிளம்புவதற்கு முன் மாரப்பன் அதை ஒரு சுற்று சுற்றி வருவார். லோடின் மேல் இழுத்துக் கட்டிய கயிறுகளைப் புறங்கையால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். தட்டினால் டம் என்று கேட்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால், டிரைவர் ஏறி உட்கார்ந்திருந்தாலும் கீழே இறக்கிவிட்டு, கட்டை முழுக்க அவிழ்த்து மறுபடி கட்டுவார். "எறங்குப்பா. ஒன் பொண்டாட்டிக்கு நான் பதில் சொல்ல முடியாது" என்பார். மாரண்டஹள்ளி காய்கறி மண்டியில் அவர் இறக்கிவிடாத டிரைவர் கிடையாது.

இருபத்தாறு வருடமாக லோடு கட்டுகிறார். அவர் கட்டி அனுப்பியதில் தொப்பூர் கணவாயில் ஒரு தக்காளிப் பெட்டிகூடச் சரிந்ததில்லை. சும்மா சொல்கிற பேச்சில்லை இது. அந்த இறக்கத்தில் வண்டி ஓட்டிய யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். சூட்சுமம் கடைசிச் சுற்றில் இருக்கிறது. கயிற்றின் நுனியை அந்தச் சுற்றுக்கு அடியிலேயே செருகி, காலை லாரியில் ஊன்றி ஓர் இழுப்பு. அப்புறம் அதை எருமை கட்டி இழுத்தாலும் வராது. கொச்சியில் லோடு இறக்குகிறவர்கள் கட்டை அவிழ்க்க முடியாமல் திட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். "திட்டட்டும். சாமான் போய்ச் சேந்துச்சில்ல?" படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிற வேலையா இது?

அப்படிப்பட்ட மனிதர் இப்போது கடலுக்குப் போகிறேன் என்று நிற்கிறார்.

எல்லாம் இன்னாசியால் வந்தது. இன்னாசி கடத்தூர்க்காரர், கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். கொச்சியில் ஒரு டாக்டர் வாங்கி வைத்திருக்கும் பாய்மரப் படகை மொரீசியஸ் வரை ஓட்டிப்போகும் பொறுப்பு அவருடையது. காற்றை நம்பி இருபத்தைந்து நாள். நடுவில் எங்கும் கரை இறங்குவதில்லை. படகில் நான்கு பேர். மூன்று பேர் அமைந்துவிட்டார்கள். நான்காவதாகக் கயிறு தெரிந்த ஆள் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தவர், கொச்சி மார்க்கெட்டில் ஒரு லாரியின் கட்டைப் பார்த்துவிட்டு, யார் கை இது என்று விசாரித்துக்கொண்டு மாரண்டஹள்ளிக்கே வந்துவிட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் மண்டி முழுக்க மாரப்பனே சொல்லி முடித்தாயிற்று. "இருவத்தாறு வருசமா நான் கட்டுன சாமான்தான் ஊரு ஊராப் போச்சு. நான் சேலத்தத் தாண்டல. இந்த ஒரு தடவ நான் போறேன்." மனைவி சசிகலா அதே மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிறாள். பாஸ்போர்ட் வந்த நாளிலிருந்து அவரிடம் சோறு, தண்ணீர் தவிர வேறு பேச்சில்லை.

போன மாதம் கொச்சியில் இரண்டு நாள் வெள்ளோட்டம் போனார்கள். மாரப்பன் ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை. ஆனால் காற்று திடீரென்று பலத்து அடித்தபோது, பாயை இழுத்துப் பிடித்திருந்த கயிற்றை அந்த நொடியே விட வேண்டியிருந்தது. அது அவர் கட்டிய கயிறு. வரவில்லை. படகு ஒருக்களித்து, தண்ணீர் உள்ளே ஏறியது. இன்னாசி கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்த பிறகுதான் நிமிர்ந்தது.

படகு புறப்பட ஐந்து நாள் இருக்கும்போது, மாரப்பன் கட்டுவதைக் கடைசியாக ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட இன்னாசி மண்டிக்கு வந்தார். ஏலம் முடிந்த மத்தியானம். புளியமரக் கிளையில் கப்பி மாட்டி, ஒரு மூட்டை உருளைக்கிழங்கை மேலே ஏற்றினார். கயிற்றைக் கட்ட, படகில் இருப்பது மாதிரியே இரண்டு பக்கமும் கொம்பு நீண்ட இரும்பு ஒன்றை லாரியின் பின்பலகையில் போல்ட் போட்டு முடுக்கினார்.

"மாரப்பா, ஒரு சுத்து, அப்பறம் ரெண்டு கொம்புலயும் எட்டு மாதிரி போட்டுச் சுத்து. நுனியச் செருவாத. நான் கை தட்டுனா மூணு எண்றதுக்குள்ள மூட்டை கீழ வரணும். அதுவும் மொள்ள வரணும்."

"மொரீசியஸ்ல தக்காளி என்னா வெலன்னு கேட்டுக்கிட்டு வாண்ணா" என்றான் டிரைவர் பச்சியப்பன். சுமைக்காரர்கள் சிரித்தார்கள்.

மாரப்பன் கட்டினார். இன்னாசி கை தட்டினார். மூட்டை அசையவில்லை. நுனி உள்ளே செருகிக் கிடந்தது. இன்னாசி கத்தியால் அறுத்தார். மூட்டை விழுந்து வாய் பிரிந்து, கிழங்கு நாலா பக்கமும் ஓடியது. வேறு மூட்டை ஏற்றினார்கள். மறுபடி அதேதான். தான் கட்டிய கயிற்றை இன்னொருவர் அறுப்பதை மண்டியே பார்க்க, மாரப்பன் தன் கைகளைப் பார்த்தார்.

"நான் செருவலீங்க சார். அதுவே செருவிக்குது."

"கடலுக்கு இது தெரியாதுப்பா. இன்னும் ஒரே தடவ. இதுவும் ஆவலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

சசிகலா தக்காளிக் குவியலை விட்டு எழுந்து வந்தாள். "மூட்டையப் பாத்தா அவுரு கை சும்மா இருக்காதுங்க. அத வுடுங்க. நான் குந்தறேன்."

"ஏய், போ அந்தப் பக்கம். வெளையாட்டா இது?" என்றார் மாரப்பன்.

"எனக்குந்தான் வெளையாட்டு இல்ல. அங்க நாலு உசுரு. இங்க ஒண்ணுதான்."

இன்னாசி கப்பியையும் கிளையையும் இழுத்துப் பார்த்தார். பிறகு தார்ப்பாயை நாலாக மடித்துத் தூளி மாதிரி தொங்கவிட்டார். சசிகலா அதில் ஏறிக் குந்தினாள். பச்சியப்பனும் சுமைக்காரர் இருவரும் கயிற்றை இழுத்தார்கள். இரண்டு ஆள் உயரத்தில் நிறுத்தி, நுனியை மாரப்பன் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார்கள். கீழே கட்டாந்தரை.

ஒரு சுற்று. ஒரு எட்டு. இன்னொரு எட்டு. நுனியைப் பிடித்த கட்டைவிரல் சுற்றுக்கு அடியில் நுழையப் போயிற்று. அங்கேயே நின்றது. மேலே சசிகலா தூளியின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாரப்பனின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை ஒரு சொட்டு கயிற்றின் மேல் விழுந்தது. விரலை வெளியே எடுத்தார். நுனியைத் தரையில் விட்டார்.

இன்னாசி கை தட்டினார்.

மாரப்பன் கழற்றக் கழற்ற எட்டு இரண்டும் உருவிக்கொண்டு வந்தன. ஒற்றைச் சுற்றை மட்டும் விடாமல், இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துப் பிடித்து விட்டார். உள்ளங்கை எரிந்தது. மூன்று எண்ணி முடிப்பதற்குள் சசிகலாவின் கால் மண்ணைத் தொட்டது.

இன்னாசி பையிலிருந்து படகில் போகிறவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து, லாரிப் பலகையில் வைத்து மாரப்பன் பெயரை எழுதினார். பிறகு நிமிராமலே கேட்டார். "அவசரம்னா வூட்ல யாருக்குச் சொல்லணும்? பேரும் நம்பரும் வேணும்."

மாரப்பன் சசிகலாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் தூளியை விட்டு வெளியே வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவுக்காக நீட்டினாள். தன் பெயரை எழுதினாள். கீழே பத்து எண்களை எழுதினாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், மறுபடி காகிதத்தின் மேல் குனிந்து, முதல் எண்ணிலிருந்து ஒவ்வொன்றின் மேலும் இன்னொரு தடவை அழுத்தி எழுதினாள்.