கத்தரிப் பாத்தியில் பக்வீட்

எழுபதுகளின் கடைசியில், செங்கம் ரோட்டில் இருந்த எங்கள் வீட்டின் பின்னறையை ஒரு ஜெர்மன்காரப் பெண்மணிக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். ஆசிரமத்துக்குப் போவார், மலையைச் சுற்றுவார், மற்ற நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அவருக்கு ஊரிலிருந்து வந்த பார்சலில் சின்னத் துணிப்பை நிறைய விதை இருந்தது. பழுப்பு நிறம், ஒவ்வொன்றிலும் மூன்று பட்டை. "பக்வீட். எங்க ஊர்ல சாப்பிடுறது" என்று என் கணவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

என் கணவர் அறிவியல் வாத்தியார். வெள்ளைக்காரர் கூழாங்கல்லைக் கொடுத்தாலும் அதில் ஏதோ சத்து இருக்கும் என்று நம்புகிறவர். மறுநாள் காலை கிணற்றடிக்குப் போனேன். பிஞ்சு விட்டிருந்த என் கத்தரிச் செடிகள் வேரோடு பிடுங்கப்பட்டுக் குவியலாகக் கிடந்தன.

"என்னங்க இது? காய்க்கிற செடிய இப்படியா பண்ணுவாங்க?"

"கத்தரிக்கா கடையில கெடைக்கும். இது கெடைக்குமா? பேருலதான் 'வீட்' இருக்கு. கோதுமையே கெடையாது, தெரியுமா ஒனக்கு?"

"கோதுமையும் இல்லன்னா அப்புறம் எதுக்கு?"

கடைசி பெஞ்சுப் பையனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அந்த இடத்தில் விதைத்த பக்வீட் என்னவோ மளமளவென்றுதான் வளர்ந்தது. சிவந்த தண்டு, இதய வடிவ இலை, ஒரு மாதத்துக்குள் கொத்துக் கொத்தாய் வெள்ளைப் பூ. கார்த்திகை தீபத்துக்கு வந்த சொந்தக்காரர்களைக் கால் கழுவக்கூட விடாமல் பாத்திக்கு இழுத்துப்போய் பாடம் நடத்தினார். "அழகா இருக்குதுண்ணா, சாமிக்கு வைக்கலாமா?" என்று கேட்டாள் அவர் தங்கை. தானியத்தை வெறும் பூவாக நினைத்துவிட்டாளே என்று அன்று முழுக்க அவர் அவளிடம் பேசவில்லை. குரங்குகளும் வந்து பார்த்தன. ஒன்று ஒரு கொத்தைப் பறித்து மென்றது, துப்பியது, பக்கத்து வீட்டுக் கொய்யாவுக்குத் தாவிவிட்டது. இந்த ஊர்க் குரங்கு வேண்டாம் என்று சொன்ன பண்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தை மாதம் அறுத்தார். பாதிப் பூ மணி பிடிக்காமலே கருகியிருந்தது. தேறியது இரண்டு ஆழாக்கு. உமியோ, கை கொப்புளிக்க நான் உரலில் இடித்தும் முழுசாகப் போகவில்லை. அதை அரைத்து தோசை ஊற்றச் சொன்னார். கல்லில் ஒட்டிக்கொண்டு, சாம்பல் நிறத்தில், பிய்ந்து பிய்ந்து வந்தது. அந்தப் பெண்மணியை விருந்துக்குக் கூப்பிட்டார். பலகை போட்டு உட்கார வைத்து, தன் கையாலேயே பரிமாறினார்.

அந்தம்மா ஒரு விள்ளல் வாயில் போட்டார். முகம் கோணியது.

"இது பக்வீட்டா?"

"ஆமாங்க! நம்ம தோட்டத்துல வெளஞ்சது!"

"ஐயோ. சின்னப் புள்ளையில, யுத்தம் அப்போ, தினம் இதுதான். எனக்குப் பிடிக்காது."

"அப்ப விதை எதுக்குக் குடுத்தீங்க?"

"அக்கா அனுப்பிச்சாங்க. தூக்கிப்போட மனசு வரல." பிறகு என் பக்கம் திரும்பி, "இட்லி இருக்கா?" என்று கேட்டார்.

சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குள் போய்விட்டேன். முதல் நாள் மாவு மீதி இருந்தது. நான்கு இட்லி வேகவைத்துக் கொண்டுவந்தேன். அதற்குள் என் கணவர் தலையைத் தூக்காமல், தன் தோசையோடு அந்தம்மா ஒதுக்கிய தோசையையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தார். இட்லியை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு நான் கொடுத்திருக்க மாட்டேன்.