இடக்கன்னமும் வலக்கன்னமும்

கரையிலிருந்து இழுக்கும் கரைமடி வலையில் ஆமை அகப்பட்டால், மரியஜான் முதலில் அதன் முகத்தைக் கடலை நோக்கித் திருப்புவார். "கரையப் பாத்தா பயந்து போவும், கேட்டியா." பிறகு ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வெயில் விழும் பக்கம் குந்தி, அதன் கன்னத்துச் செதில்களைக் கைப்பேசியில் படமெடுப்பார். செதில்களின் அமைப்பு ஆமைக்கு ஆமை வேறுபடும் என்று சொல்லிக்கொடுத்தவள் கடலாமைக் கணக்கெடுப்புக் குழுவைச் சேர்ந்த ஜின்சி. இரு கன்னங்களையும் எடுக்கச் சொல்லியிருந்தாள். "மொகம் ஒண்ணுதானே" என்று இவர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்.

ஐம்பத்தாறு வயதிலும் குறும்பு குறையாத மனிதர். படமெடுத்த ஆமைக்குப் பெயர் வைக்காமல் விடமாட்டார். நெற்றி சுருங்கிய ஒன்று 'மாமியா'. நிமிர்ந்த கழுத்துடைய மற்றொன்று 'டீச்சர்'. "மாமியா வந்திருக்கா, வழி விடுங்கலே!" என்பார். மடி இழுப்பவர்கள் கயிற்றை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

துடுப்புக்காலில் உலோகத் தகடு பொருத்துவதா, படமே போதுமா என்று குழு இவ்வாண்டுக் கூட்டத்தில் முடிவு செய்யவேண்டியிருந்தது. தகடு என்றாலே மரியஜானுக்கு ஆகாது. தகட்டில் மடிநூல் சிக்கித் துடுப்பு கிழிந்த ஆமையொன்றை அவர் தம் கையாலேயே விடுவித்திருக்கிறார். மூன்றாண்டுகளில் முப்பத்தோர் ஆமைகள் என்று படங்களை வைத்தே அவர் கொடுத்த பட்டியல் தகட்டைத் தடுத்துவிடும் என்று நம்பியிருந்தார்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, காலை மடியில் மாமியா வந்தாள். கடலைப் பார்த்திருந்தவள் திமிறிக் கரைப்பக்கம் திரும்பிவிட்டாள். வலக்கன்னம் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அது டீச்சரின் கன்னம்!

மரியஜான் கைப்பேசியில் டீச்சரின் படத்தைத் தேடியெடுத்து ஒப்பிட்டார்; அதே செதில்கள். கடலைப் பார்த்திருக்கும் ஆமைக்கு அந்தக் கரையில் காலை வெயில் இடக்கன்னத்தில் விழும். மாலை வெயில் வலக்கன்னத்தில் விழும். காலையில் வந்தவளுக்கு ஒரு பெயரும், அவளே மாலையில் வந்தபோது வேறொரு பெயருமாக எழுதிவைத்திருக்கிறார். இது வேறு எவருக்கும் தெரியாது.

அன்றே ஜின்சியைத் தேடிப் போனார்.

"மக்கா, எனக்க கணக்கு தெற்றிப் போச்சு. ஒருத்திய ரெண்டு பேரா எழுதியிருக்கேன்."

"எத்தனை ஆமைய அப்படி எழுதினீங்க மாமா?"

"அது தெரிஞ்சா சொல்லமாட்டனா?"

"இத நான் கூட்டத்துல சொன்னா, தகடே போதும்ணு சொல்லுவாவ."

"தெரியும். நீ சொல்லு."

குழு ஒரு பருவம் மட்டும் அவகாசம் கொடுத்தது. இனி இரு கன்னங்களின் படமும் வேண்டும், இல்லையென்றால் தகடுதான்.

நேற்றுக் காலை ஓர் ஆமை வந்தது. இடக்கன்னம் எடுத்தாயிற்று. "ஓய், எடுத்தாச்சில்லா, விடும்! மீன் வெயில்ல காயுது!" என்று கயிற்றருகிலிருந்து பெனிஷ் கத்தினார். மரியஜான் சுற்றிக்கொண்டு நிழல் பக்கம் வந்தார். ஈர மணலில் குப்புறப் படுத்தார். தம் கன்னத்தையும் மணலில் அழுத்திவைத்து, கைப்பேசியை அதன் வலக்கன்னத்துக்கு நேரே பிடித்து, ஆமை கண் திறக்கும்வரை மூச்சை அடக்கிக் காத்திருந்தார்.