றெஜினா தெரிந்தெடுத்த தீவு

டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த சலவைக்கூடத்தில் றெஜினாவும் யோகமலரும் பதினொரு வருடமாக ஒரே மேசையில் நின்று வேலை செய்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்புகளை ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து உதறி மடிப்பதுதான் வேலை. இயந்திரங்களின் இரைச்சலுக்குள் கதைத்துப் பழகியதால் இருவருக்கும் வெளியிலும் குரல் கொஞ்சம் பெரிதுதான்.

அந்தத் தீவை முதலில் கண்டது றெஜினா. மதிய உணவு அறையில் தொங்கிய நாட்காட்டியில் ஒரு மலைப் படம். உச்சியில் பனி, அடியில் நீலக் கடல், வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். கிரேக்க நாட்டின் தெற்கே உள்ள கிரேத்தா தீவு என்று கீழே எழுதியிருந்தது. வருடத்தில் பாதி நாள் காற்றும் தூறலுமாக இருக்கிற ஊரில் நின்றுகொண்டு அவள் அந்தப் படத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். பிறகு நூலகத்தில் டேனிஷ் புத்தகங்கள் எடுத்து வாசித்தாள். அங்கே சமாரியா என்ற நீண்ட மலை இடுக்கு இருக்கிறது, மேலிருந்து கடல் வரைக்கும் பதினாறு கிலோமீற்றர் நடந்தே இறங்கலாம், மழைகாலத்தில் ஆறு பெருகும் என்பதால் மே மாதத்தில்தான் வழி திறப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்குப் பாடமாயிற்று. சமாரியா பைபிளில் வருகிற பெயர் என்பதிலும் அவளுக்கு ஒரு சந்தோசம்.

“மலரக்கா, ஒருக்கா நடந்து பாப்பமோ?” என்று அவள்தான் கேட்டாள்.

“எனக்கு மலையெல்லாம் ஏலாதடி.”

“ஏறுறேல்லை அக்கா, இறங்கிறதுதான்.”

2008 இலையுதிர்காலத்தில் அடுத்த மே முதல் வாரத்துக்கு இருவரும் பதிந்தார்கள். குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் கடற்கரையில் காற்றுக்கு முகம் கொடுத்து நடந்து பழகினார்கள்.

அதற்குள் இலங்கையில், வன்னியில் சண்டை இறுகிவிட்டது. றெஜினாவின் தம்பி யூட், மன்னார் அடம்பனில் இருந்து மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு இடம்பெயர்ந்து, கிளிநொச்சி, விசுவமடு என்று போய், கடைசியில் புதுமாத்தளனில் நின்றான். மார்ச்சில் ஒருமுறை போன் எடுத்தான். “அக்கா, பங்கருக்குள்ளை இருக்கிறம், செபியுங்கோ” என்றான். அதற்குப் பிறகு சத்தமில்லை.

“நீங்கள் போங்கோ மலரக்கா,” என்றாள் றெஜினா. “என்ர இடத்துக்குத் துஷாராவைக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

போங்கோ என்று சொன்னவளும் அவள்தான். யோகமலர் தன்னை விட்டுவிட்டுப் போகமாட்டாள் என்று உள்ளுக்குள் நம்பியிருந்தவளும் அவள்தான். யோகமலர் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு மகள் துஷாராவுடன் புறப்பட்டுவிட்டாள்.

அங்கிருந்து போன் வந்தது. “றெஜி, தம்பியைப் பற்றி ஏதும் தெரிஞ்சுதோ?”

“இல்லை. நடந்தீங்களோ?”

“ஓம். மேலை வெளிக்கிடேக்கை பல்லுக் கிடுகிடுக்கிற குளிர். மலையிலை இன்னும் பனி கிடக்கு. இறங்க இறங்க வெக்கை. ஊசி இலை மரங்கள் வானம் முட்ட நிக்குது.”

“அது சைப்பிரஸ் மரம்.”

“அப்பிடியோ? பிறகு ரெண்டு பக்கப் பாறையும் கிட்ட வந்திடும்.”

“நாலு மீற்றர்கூட வராது அதிலை.”

“உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கே,” என்று யோகமலர் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் றெஜினாவுக்கு வயிறு எரிந்தது. மரத்தின் பெயர்கூடத் தெரியாதவள் நடக்கிறாள். தான் கண்டுபிடித்த வழி, தான் எண்ணி வைத்த கிலோமீற்றர்கள். அதையும்விட அவளை அரித்தது வேறொன்று. யோகமலரின் சகோதரங்கள் எல்லோரும் கனடாவில். தாய் எஸ்பியர்க்கிலேயே நிம்மதியாகக் கண்மூடினாள். அவளுடைய போன் மணி அடித்தால் அது பிறந்தநாள் வாழ்த்து. பயமில்லாமல் போனை எடுக்க முடிகிற ஒருத்தி அவள் என்பதையே றெஜினாவால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வன்னிச் சனத்துக்காகத் தமிழர்கள் கூடி மெழுகுதிரி ஏற்றிய மண்டபத்தில் புஷ்பராணி என்பவள், “மலர் எங்கை?” என்று கேட்டாள்.

“அவ கிரேக்கத்துக்கு மலை பாக்கப் போட்டா,” என்றாள் றெஜினா. “அவவுக்கென்ன, அங்கை சாகிறதுக்கு ஆர் இருக்கினம்?”

சொல்லும்போதே நாக்கு இனித்தது. சனம் செத்துக்கொண்டிருக்க இவள் உல்லாசம் போனாள் என்று அந்தக் கதை வீடுவீடாக நடந்தது. யோகமலர் திரும்பி வந்த மறுநாள் அதே மண்டபத்தில் ஒருவரும் அவளோடு கதைக்கவில்லை. அவள் கையிலிருந்த மெழுகுதிரிக்கு நெருப்புக் கொடுக்கக்கூட யாரும் திரும்பவில்லை. கடைசியில் புஷ்பராணிதான் முகத்துக்கு நேரே சொன்னாள். “நாங்கள் சொல்லேல்லை. உன்ர றெஜினாதான் சொன்னவள்.”

திங்கட்கிழமை இருவரும் விரிப்பு மடித்தார்கள். யோகமலர் தன் இரண்டு மூலையையும் சரியாகவே பிடித்தாள். மடித்ததைத் தானே எடுத்து அடுக்கினாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பைப் பார்க்க றெஜினாவுக்குத் தன் பிழையைவிடப் பொறாமைதான் முன்னுக்கு வந்தது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. றெஜினா மூன்று கிழமை வேலைக்குப் போகவில்லை.

ஜூன் நடுவில் செட்டிகுளம் அகதி முகாமில் இருந்து போன் வந்தது. யூட் உயிரோடு இருந்தான். மகளும் இருந்தாள். மனைவி இல்லை. அவன் அழாமல் சொன்னான். றெஜினா போனை வைத்துவிட்டு, கணவன் வேலையால் வரும்வரை பொறுக்காமல், சப்பாத்தும் சரியாகப் போடாமல் யோகமலரின் வீட்டுக்கு நடந்தாள். வேறு யாரிடம் போவதென்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

கதவு திறந்தது. றெஜினா செய்தியைச் சொன்னாள். யோகமலர் அவள் கையைப் பிடித்து உள்ளே இருத்தினாள்.

“மலரக்கா, மண்டபத்திலை நான் எரிச்சலிலை சொன்னனான்.”

“தெரியும்.”

“என்னை ஏசுங்கோவன்.”

“இண்டைக்கு ஏலாது,” என்றாள் யோகமலர். “தேத்தண்ணி போடுறன், குடி.”

பேச்சு அவ்வளவுதான். வேறொரு நாளும் அவள் ஏசவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் மண்டபத்துப் பக்கம் அவள் பிறகு போகவேயில்லை. இலையுதிர்காலத்தில் இயந்திரப் பகுதிக்கு மாற்றம் கேட்டுப் போனாள். மேசையின் மறுபக்கத்துக்கு ஒரு போலந்துப் பெண் வந்தாள்.

2011 ஒக்டோபரில், வழி மூடுவதற்கு முந்திய வாரம், றெஜினா கிரேத்தாவுக்குப் போனாள். யோகமலரையும் கேட்டுப் பார்த்தாள். “நான் பாத்திட்டன் றெஜி, நீ போட்டு வா” என்று மட்டும் பதில் வந்தது.

விடிய மரப்படிகளில் இறங்கத் தொடங்கினாள். பைன் பிசின் மணம். காய்ந்த ஆற்றுப் படுக்கையில் வெள்ளைக் கற்கள் காலுக்குக் கீழே புரண்டன. பாறை இடுக்கில் ஒரு காட்டாடு நின்று அவளைப் பார்த்துவிட்டுத் தன்பாட்டில் மேய்ந்தது. பாறைகள் நெருங்கிய இடத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தபோது வானம் ஒரு நாடாவாகத் தெரிந்தது. போனில் சிக்னல் இல்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவளை யாரும் கூப்பிட முடியாத ஆறு மணித்தியாலம் அது.

கடலுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிக் காலை நீரில் வைத்தாள். இந்த நிறத்தை மலரக்கா தாயும் மகளுமாக நின்று பார்த்திருப்பாள், பக்கத்தில் ஒருத்தியிடம் “இஞ்சை பார்” என்று சொல்லியிருப்பாள் என்ற நினைப்பு வந்தது. கூடவே வயிற்றில் அந்தப் பழைய எரிவும் கொஞ்சம் வந்தது. அதைத் துரத்த அவள் மினக்கெடவில்லை. அந்தக் கரைக்குக் கார்வழி கிடையாது. மாலையில் படகு வந்ததும் ஏறி, வெளித்தட்டில், மலை தெரிகிற பக்கமாக இடம்பிடித்தாள்.